கவுண்டருக்குப் பின்னால்

தைப்பூசத்தன்று மலைக்கோவிலுக்குப் போகும் சாலையோரத்தில் எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. நகராண்மைக் கழக அனுமதி, போலீஸ் அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி எல்லாம் என் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் நில அலுவலகத்தில் இருந்தவனுக்கு இதெல்லாம் தூக்கத்தில்கூட வரும். ஆனால் பந்தலுக்கு வருகிற யாரும் அனுமதியைக் குடிப்பதில்லை. மோரைத்தான் குடிக்கிறார்கள். அதை ஊற்றுவது என் மனைவியின் தம்பி. பெயரெல்லாம் அவனுக்கே.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் லாரி பட்டறை வைத்திருக்கிறான். பேங்க் மேனேஜரோ பூசாரியோ, எல்லாரிடமும் அவனுக்கு ஒரே குரல். எனக்கு நான்கு இருந்தன. அலுவலகத்துக்குப் பிசிறில்லாத மலாய், கோவில் கூட்டத்துக்கு மேடைத் தமிழ், மனைவிக்குச் சுருக்கம், மகளுக்கு அறிவுரை. ஓய்வு பெற்று இவற்றையெல்லாம் கழற்றி வைத்தால், அடியில் அவனைப் போல ஒரு கலகலப்பான ஆள் உட்கார்ந்திருப்பான் என்று நம்பியிருந்தேன். ஆண்டுகள் சில ஆகியும் அந்த ஆள் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அனுமதிக் கடிதங்களோடு நான் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால் ஒரு துணித்திரை. அதற்கு அந்தப் பக்கம் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் அவளும் அவள் மாமாவும்.

“வேலைய விட்டுட்டேன் மாமா. பினாங்குக்கே வந்துடப் போறேன்.”

“வா லா! அப்பாகிட்ட சொன்னியா?”

“அப்பாகிட்ட பேசணும்னா கவுண்டர்ல நம்பர் எடுக்கணும் மாமா. நம்பர் வந்து போனா, வேற கவுண்டருக்குப் போம்பாரு.”

இருவரும் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து அவளுடைய ஒவ்வொரு பத்திரத்தையும் பத்திரப்படுத்தியவன் நான். சேதி போனது லாரி பட்டறைக்கு. நெஞ்சு எரிந்தது, காலையில் சாப்பிட்ட சம்பலால் அல்ல.

எழுந்து போய் இரண்டாவது மோர்ப் பானையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸோடு வந்த மைத்துனன் ஆச்சரியமாகப் பார்த்தான். “மச்சான், சட்டை நனைஞ்சிடும்.”

“நனையட்டும்.”

அவன் ஆண்டுதோறும் சொல்லும் வசனத்தை நானும் எடுத்துவிட்டேன். “வாங்க வாங்க! ஒரு கிளாஸ் குடிச்சா மலையே இறங்கி வரும்!”

அவன் சொன்னால் கூட்டம் சிரிக்கும். பால்குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, ஒடம்புக்கு முடியலையா? கொஞ்சம் உக்காருங்களேன்.”

அதற்குமேல் நடிக்கத் தெம்பில்லை. “அக்கா, பால்குடம் எடுக்கிறவங்க இந்தப் பக்கம். பிள்ளைங்களோட வர்றவங்க அந்தப் பக்கம். காலி கிளாஸ் கூடையில,” என்றேன். வாய் தானாகப் பேசியது. கொஞ்ச நேரத்தில் என் பானைக்கு முன்னால் ஒரு நேரான வரிசை நின்றது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் இடிபடவும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை நாள் தேடிய ஆள் இவன்தான் போலிருக்கிறது. கழற்றுவதற்கு எதுவுமே இருந்திருக்கவில்லை.

பக்கத்தில் மைத்துனனின் பானையைச் சுற்றி ஒரே கும்மாளம். அந்தப் பொறாமை மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது என் வரிசையில் மகள் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் நகரும்வரை காத்திருந்து, கிளாஸை நீட்டினாள்.

“அப்பா, வேலைய விட்டுட்டேன்.”

அவன் சொன்னதுபோல ‘வா லா’ என்று சொல்ல நாக்குவரை வந்தது. என் வாய்க்கு அது பொருந்தவில்லை.

“விலகல் கடிதம் கிடைச்சதுன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கினியா?”

அவளிடமிருந்து, திரைக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. “இல்லப்பா. வாங்கணுமா?”

“வாங்கணும். மிச்ச லீவுக்கும் கணக்குக் கேக்கணும். நாளைக்கு உக்காந்து எழுதலாம். உன் ரூமைக் காலி பண்ணி வைக்கச் சொல்றேன்.”

“மாமா இதெல்லாம் கேக்கவே இல்லப்பா.”

மைத்துனனைப் பார்த்தேன். யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்க வழியில்லை.

“என்ன சொன்ன? சரியா கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு,” என்றேன்.