டின்னில் இரண்டு போத்தல் டீசல், வெளியே வாடைக்காற்று

"கார்த்திகை 19. காலை 6.40. பற்றறி அசிட் 1150. டீசல் இரண்டு போத்தல்." என் குறிப்புப் புத்தகத்தில் உள்ளபடி தருகிறேன். ஆண்டு எழுதிய அட்டையைக் கறையான் தின்றுவிட்டது. அறுபதுகளின் தொடக்கம் என்பது மட்டும் நிச்சயம்.

துணுக்காய்ப் பக்கத்துக் குளமொன்றின் வேலை முகாமில் நான் வயர்லெஸ், பற்றறிப் பொறுப்பாளன். அன்று காலை குளக்கட்டில் வெடிப்புக் கண்டோம். மேலேயுள்ள மேற்குளத்தின் வான்கதவுகளோ திறந்திருந்து, அதன் நீரெல்லாம் எங்கள் குளத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவற்றைச் சாத்தச் சொல்லாவிட்டால் கட்டு உடையும். கீழே நாற்பது குடியேற்றக் குடும்பங்கள். பாதை வெள்ளத்தில். மாங்குளத்திலிருந்து டீசல் லொறி வராது. வயர்லெஸ் பேசுமளவு பற்றறி ஏறியிருக்க, அசிட்டின் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீற்றர் 1200 ஆவது காட்டவேண்டும்.

பற்றறி ஏற்ற இரண்டு வழி: டீசல் எஞ்சின், நான் கம்பத்தில் ஏற்றியிருந்த காற்றாடி டைனமோ. சார்ஜிங் போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கொழுவலாம்.

எஞ்சின்காரர் நடராசா அண்ணை எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியோடு வந்தார். "தள்ளு, எஞ்சினைப் போடுறன். உன்ர காத்தாடி சம்பளமில்லாத வேலையாள். நினைச்சால் வருவான், நினைச்சால் போவான்."

"அதுதான் அண்ணை, வந்து நிக்கேக்க வேலை வாங்கவேணும். டீசல் டின்னுக்குள்ள கிடக்கும். காத்தை எந்த டின்னுக்குள்ள அடைக்கப்போறியள்?"

முகாம் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஐயா அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். "அவன் சொல்லுறது சரி, நடராசா. காத்து அடிக்குமட்டும் அடிக்கட்டும். நிண்டால் நீர் எஞ்சினைப் போடும்."

அண்ணை கோபத்தில் டீசல் டின்னின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வாடை அடித்த அடியில் கம்பம் அதிர்ந்தது. அம்மீற்றர் முள் துள்ளியது. 8.30க்கு 1170. 10.00க்கு 1180. 11.20க்கு 1190. அத்தோடு காற்று பொத்தென்று நின்றது! காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. போர்ட்டில் காற்றாடியின் வயரைக் கழற்றி எஞ்சினுடையதைக் கொழுவினேன்.

"இப்ப பார் என்ர பிள்ளையை!" அண்ணை ஒரே சுற்றில் எஞ்சினை எழுப்பினார். கடைசிச் சொட்டும் எரிந்து அது இருமி நின்றபோது 12.15. ஹைட்ரோமீற்றர் மிதவை 1205!

"மேற்குளம், கதவு சாத்துங்கோ, கட்டு வெடிச்சிட்டுது!" மூன்று தரம் கத்தினேன். பதிலாக இரைச்சல்தான் வந்தது.

மாலை 3.50. குளத்து அளவுகோலில் நீர் மேலும் ஏறவில்லை. 4.30க்கு ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. "இறங்குது! இறங்குதடா!" என்று அண்ணை என்னைத் தூக்கியே விட்டார்.

சேமித்து வைக்க முடியாததை முதலில் செலவழி, முடிந்ததைப் பின்னுக்கு வை. நீர், காற்று, எண்ணெய் என எதில் மின்சாரம் எடுத்தாலும் நான் பின்பற்றியது இதைத்தான். காற்று மட்டும் என்றாலும் போதாமல் போயிருக்கும்; அந்த இரண்டு போத்தல் டீசல் மட்டும் என்றாலும் போதாமல் போயிருக்கும்.

மேற்குளத்தார் எங்கள் குரலைக் கேட்டுக் கதவைச் சாத்தினார்களா, மழை விட்டதால் தாமாகவே சாத்தினார்களா? அவர்களுடைய நாட்குறிப்பை நான் பார்த்ததில்லை. இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.