நான்கு நிமிடக் கணக்கு

தண்டவாளத்தில் கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் ரயில் முன்னால் நிற்கும் ரயிலில் மோதியே தீரும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்காதீர்கள். போன வருடம் மழைக்காலம் வரை நம்பினேன். அதுவும் சிக்னல் கேபிள் பதிக்கும் கான்ட்ராக்டரிடம் பதினெட்டு வருடம் பள்ளம் தோண்டிய பிறகு!

சூப்பர்வைசர் ஆக ஒரு தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். தேர்வு சிதம்பரத்தில். நானும் என் மச்சானும் கடலூர் முதுநகரில் காலை பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் ஏறினோம். எதிரே மீன் கூடையோடு ஓர் அக்கா. வண்டி கிளம்பும்போது, அடுத்து ஓர் எக்ஸ்பிரஸ் வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

மடியில் புத்தகம். பாடத்தின் பெயர் ‘ஹெட்வே’. ஒரு ரயிலுக்குப் பின்னால் அடுத்த ரயில் எத்தனை நிமிடம் கழித்து வரலாம் என்ற கணக்கு. சிக்னல்களுக்கு இடையே உள்ள தூரம், பிரேக் போட்டால் நிற்கும் தூரம், ரயிலின் நீளம் எல்லாம் கூட்டி வேகத்தால் வகுத்தேன். நான்கு நிமிடம். கடைசிப் பக்கத்தில் பார்த்தால் அதே விடை! பெருமை தாங்காமல் மச்சானிடம் காட்டினேன்.

“நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டியா? நம்ம லைன்ல நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு வந்தாலே ஜாஸ்தி மாமா.”

ஆலப்பாக்கம் வருவதற்கு முன், சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டி நின்றுவிட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கதவருகே போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை தண்டவாளம்தான். நம்மைக் காக்க ஒரு சிக்னல்கூட இல்லை!

“மச்சான், நடுவுல சிக்னலே இல்லடா! எக்ஸ்பிரஸ்காரன் எதப் பாத்து நிப்பான்?”

“மாமா, சும்மா ஒக்காருங்க.”

மூன்றாவது நிமிடம் முடிந்ததும் நான் புத்தகத்தோடு ஜல்லியில் குதித்தேன். “எல்லாரும் எறங்குங்க! பின்னாடி வண்டி வருது!”

யாரும் அசையவில்லை, அந்த அக்காவைத் தவிர. என் கையில் சிக்னல் படம் போட்ட தடிப் புத்தகம் இருந்ததால் என்னை ரயில்வேக்காரன் என்று நம்பிவிட்டார். கடைசிப் படியில் ஒரு கால் வைத்தார். அந்த நேரம் பார்த்து வண்டி குலுங்கி நகர்ந்தது. கால் வழுக்கி, படிக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொங்கியது. மச்சான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். நான் சிலையாக நின்றேன்.

கார்டு வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். நான் உளறியதைக் கேட்டு முறைத்தார்.

“யோவ், நீ போட்டது பெரிய ஊர்ல அடுத்தடுத்து ஓடுற எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கான கணக்கு. இது ஒத்த லைன். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே வண்டிதான். நாம அடுத்த ஸ்டேஷன் போய் முழுசா சேர்ற வரைக்கும் பின்னாடி வண்டிய விடவே மாட்டாங்க.”

அந்த விதி நான் திருப்பாத அடுத்த பக்கத்தில் இருந்தது.

சிதம்பரம் வரை நான் தலை நிமிரவில்லை. இறங்கும்போது அக்கா சொன்னார்: “ஏன்யா, கணக்கு போட்டே என்னக் கொன்னுருப்பியே!” பெட்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தேர்வில் அதே கணக்கு வந்தது. நான்கு நிமிடம் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். இப்போது சூப்பர்வைசர். ஆனாலும் ஹெட்வே என்ற சொல்லைக் கேட்டால், படிக்குக் கீழே தொங்கிய அந்தக் கால்தான் கண் முன்னே வருகிறது. அன்று அந்தத் தண்டவாளத்தில் இருந்த ஒரே ஆபத்து நான்தான். எக்ஸ்பிரஸ், நாங்கள் ஆலப்பாக்கம் போய்ச் சேரும் வரை முதுநகர் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.