தலைப்பிரசவத்துக்குக் கப்பல் ஏறினேன்

என் மகள் கல்யாணமாகி மலேசியா போய் நாலு வருஷம் கழித்து உண்டானாள். மாப்பிள்ளை அங்கே பத்து வருஷமாக இருந்தவர். அங்கே நிரந்தரமாகத் தங்க அந்த வருஷக் கணக்கு மகளுக்கும் சேரும் என்று நினைத்திருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? உடனே புறப்பட்டு வரச் சொல்லித் தந்தி கொடுக்க, அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் தபால் ஆபீசுக்குப் போனேன்.

எனக்கு இங்கிலீஷில் எழுதத் தெரியாது. மலேசியாவிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் எழுதித் தருவதாகச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

“இப்பக் கூப்புடாதீங்கம்மா. மாப்புள்ள கணக்கு வேற. உங்க மக அங்க போயி எறங்குன நாள்லேருந்துதான் அவங்க கணக்கு. அஞ்சு வருசம் முடிஞ்சாத்தான் நிரந்தரமா தங்க விடுவாங்க. இங்க வந்து மாசக்கணக்குல இருந்துட்டா மறுபடி மொதல்லேருந்து எண்ணணும்.”

“அப்பப் பிரசவத்த யாருங்க பாக்குறது?”

“நீங்க போங்க. உங்களுக்குத்தான் ஒரு கணக்கும் கெடையாதே.”

தந்தி கொடுக்கவில்லை. அலைந்து பாஸ்போர்ட் வாங்கினேன். சுக்கு, பெருங்காயம், பூண்டு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் பேரன் பிறந்தான்.

“பொண்ணுதான் தாய் வூட்டுக்குப் போவும். இங்க தாய் வூடே கப்பல் ஏறி வந்துருச்சு” என்று மாப்பிள்ளை தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மறு வருஷம் மகளுக்கு நிரந்தரச் சீட்டு கிடைத்தது. அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து, பயமில்லாமல் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள்.

இப்போது எங்கள் ஊரில் யார் மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தாலும், அவள் போய் இறங்கிய தேதியை எழுதி வைக்கச் சொல்கிறேன். தாய்க்கும் ஒரு பாஸ்போர்ட் வாங்கிவிடச் சொல்கிறேன்.

– ஒரு வாசகி, அரும்பாவூர்