வட்டத்துக்கு வெளியே ஒரு கால்

செய்தி எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘டிரைவர் சார்லஸ் காலமானார். மாரடைப்பு.’ நான்கு ஆண்டுகள் எங்களோடு நடித்தவர். நடிகர் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திருப்போரூர்க்காரர். நாற்பத்தொரு வயது. ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். ஊழியர்களை இறக்கிவிட்டால் மாலை வரை வேலையில்லை. வேனிலேயே உட்கார்ந்து போனில் படிப்பார். பண்டைய கிரேக்க நாடகத்தை நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் படித்தவன். அவர் என்னைவிட அதிகம் படித்திருந்தார். அவர் இருந்தபோது நான் இதை ஒப்புக்கொண்டதில்லை.

ஒத்திகைக்கு இடம் பிடித்தவரும் அவரே. விற்காத மனைகளுக்கு நடுவே பூங்காவுக்கென்று விட்டிருந்த வட்டம்.

“கிரீஸ்லயும் மொதல்ல வட்டம்தான் தம்பி. தானியம் அடிக்கிற களத்துலேர்ந்து வந்துச்சின்னு சொல்றாங்கோ. ஒயினுக்கு ஒரு சாமி. அத்தச் சுத்தி நின்னு கும்பலா பாடிகினு இருந்தானுங்க. ஹீரோவே கெடையாது. ஒருநாள் ஒருத்தன் வெளிய ஒரு அடி வெச்சான். கும்பலுக்குப் பதில் சொன்னான். அதான் நாடகம்.”

பிறகு காலால் மண்ணைத் தட்டினார். “இதுவும் களம்தான். எங்கப்பன் இங்க கூலிக்கு நெல்லடிச்சாரு. அவரு ஒரு அடி வெளிய வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?” சிரித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கிரேக்க முறையில் ஒரு நாடகம் செய்தோம். தரையில் போட்ட வெள்ளைக் கோட்டு வட்டத்துக்குள் கும்பலாக நின்று பாடும் கோரஸில் பன்னிரண்டு பேர். அவர்கள் எல்லோருக்கும் காகிதக்கூழ் முகமூடி. முகமூடி இல்லாத அரசன் நான், இயக்குநரும் நானே. அரசன் நிலத்தைப் பறிக்கும்போது கோரஸிலிருந்து ஒருவர் கோட்டைத் தாண்டி முன்னால் வந்து, ‘நாங்கள் இன்னும் இங்கேதான் நிற்கிறோம்’ என்பார். அந்த ஒரு வரி சார்லஸுக்கு. வேன் ஓட்டும்போதும் சொல்லிப் பார்ப்பாராம்.

மாமல்லபுரம் அருகே ஒரு கடற்கரை விடுதி எங்களை அழைத்தது. விருந்துக்கு முன் அரை மணி நேரம். நாடகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வரியை வெட்டினேன். அரசனின் பேச்சில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

“கிரேக்கத்துலயும் கோரஸ் சுருங்கித்தானே போச்சு அண்ணா” என்றேன்.

“தெரியும் தம்பி. ரெண்டாவது நடிகன் வந்தான், மூணாவது வந்தான், கும்பல் கரைஞ்சிது. அவனுங்களுக்கு அதுக்குப் பல தலைமொற ஆச்சு. நீ ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்ட, டைரக்டர்.”

அடுத்த ஒத்திகையில், பழக்கத்தில், அந்த இடம் வந்ததும் முன்னால் வந்தார். “காலை கோட்டுக்குள்ள வைங்க” என்று எல்லோர் முன்னும் கத்தினேன். வைத்தார்.

விடுதியில் ஆட்டம் நடந்தது. அதன்பின் அவர் வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அஞ்சலி பேனருக்குப் படம் தேவைப்பட்டது. எங்களிடம் இருந்த எல்லாப் படங்களிலும் கோரஸுக்கு முகமூடி. அரசனின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. வேறு படம் கேட்டு அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணியிடம் போனேன். விடுதியில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதான் அவரு.”

“எப்படி அண்ணி தெரியுது?”

“கால பாரு. சுண்டுவெரல் வளைஞ்சி கீது. எல்லாரும் கோட்டுக்குள்ள நிக்கிறாங்கோ, இவரு காலு மட்டும் வெளிய கீது.”

வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு வெறுங்கால். நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சி வூட்டுக்கு வந்து, ‘பேசிட்டேன் ஸ்டெல்லா’ன்னாரு. நல்லா பேசினாரா தம்பி?”

“நல்லா பேசினார் அண்ணி.”

பேனரில் ஓட்டுநர் உரிமத்துப் படம்தான். கீழே ‘நடிகர்’ என்று போடச் சொன்னேன். செத்த பிறகு.

போய் வாருங்கள் அண்ணா. முகமூடிக்குள் அந்த வரியைச் சொல்லியிருப்பீர்கள். எனக்குக் கேட்கவில்லை. அப்போது நான் பேசிக்கொண்டிருந்தேன்.