அவனும் அரோகரா சொன்னான்

பாதயாத்திரை போகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பழனி நடைக்குப் பழகுவதற்காக நானும் என் மனைவியும் அவள் தம்பி குமரனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கிலிருந்து தேக்காவுக்கு வெறுங்காலில் புறப்பட்டோம். நடையில் யார் சலித்துக்கொண்டாலும் மற்றவர்கள் "அரோகரா" என்று குரல் கொடுப்போம். சலித்தவரும் கூடச் சொல்லிவிட்டு நடப்பார். அதுதான் எங்கள் வழக்கம்.

"கால் கொதிக்குதுடா," என்றாள் மனைவி.

"அதுக்குள்ளயா? பழனிக்கு இன்னும் கடல் தாண்டணும்லா அக்கா. அரோகரா!" என்றான் குமரன். சிரித்தபடி நடந்தோம்.

குவீன்ஸ்டவுனை நெருங்கும்போது அவன் மெதுவாக, "அத்தான், நெஞ்ச அடைக்குது," என்றான்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமலே அரோகரா சொன்னோம். அவனும் சொன்னான். சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தும் மருத்துவமனையில் காப்பாற்ற முடியவில்லை.

அவனுக்காகவும் சேர்த்துப் பழனிக்கு நடந்தோம். இப்போதெல்லாம் உடன் வருபவர் முனகினால் நான் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் அரோகரா.

என் மனைவி இன்றும் என்னோடு நடக்கிறாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்வதில்லை.