பொட்டு வைத்த ரெஞ்சு

குழாய் ஒழுகினால் உடனே ஆளைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்து ஒரு காலத்தில் நான் சிரிப்பேன். ஒரு வாஷர் மாற்ற முந்நூறு ரூபாயா என்பேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிபோன புதிது. கலெக்டர் ஆபீசில் நாற்காலி தேய்த்தே காலம் போய்விட்டது, வீட்டு வேலையையாவது நம் கையால் செய்வோமே என்று ஒரு கிறுக்கு பிடித்தது. கைபேசியில் வீடியோ பார்க்கப் பார்க்க அது முற்றியது. வேலையைக் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டு, மலிவாகக் கருவி வாங்குவதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

டவுனில் ஒரு ஹார்டுவேர் கடை விடமாட்டேன். ஆயிரத்துச் சொச்சம் விலை சொல்கிற, குழாயைக் கவ்வித் திருகும் பைப் ரெஞ்சைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இதவிட கம்மில இல்லீங்களா?" என்பேன். ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்கா, தொழிலுக்கா?" வீட்டுக்கு என்றேன். "அப்ப எதுக்கு சார் உங்களுக்கு ரெஞ்சு?" என்று திருப்பி வாங்கி மாட்டிவிட்டார். அந்தக் கடைப் பக்கம் அப்புறம் நான் போகவில்லை.

ஒரு பௌர்ணமிக்கு நானும் மனைவியும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை கிட்டே ரோட்டோரம் ஒருவர் தார்ப்பாய் விரித்து இரும்புச் சாமான் பரப்பியிருந்தார். டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சிவப்புக் கைப்பிடி போட்ட பைப் ரெஞ்சு. ரெஞ்சு இருநூறு என்றார், நூற்றெண்பதுக்கு முடித்தேன். மற்றதிலும் ஒவ்வொன்று வாங்கினேன். இன்னும் பாதி மலை சுற்ற வேண்டியிருந்தது. வெறுங்காலோடு, தோளில் இரும்புப் பையோடு நடந்தேன்.

"பாவத்த எறக்கி வைக்க வர்ற எடத்துல, யாராவது இரும்ப ஏத்திக்கினு வருவாங்களா?" என்றாள் மனைவி.

"இதே சாமான் கடையில ஆயிரம் ரூபா, தெரியுமா உனக்கு?" என்றேன். எனக்கு அன்று சாமி கும்பிட்ட திருப்தியைவிட இந்தத் திருப்திதான் ஜாஸ்தி.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் கருவிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். மனைவி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தாள். ரெஞ்சுக்குக் கைப்பிடியின் கழுத்தில் வைத்தாள். இத்தனை நாள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவனுக்குச் சொந்தமாகப் பூஜை போட ஆயுதம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கற்பூரம் காட்டினேன்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் குழாய் சொட்டியது. ரெஞ்சைத் தேடினேன், கண்ணில் படவில்லை. எங்கே போய்விடும் என்று கட்டிங் பிளேயரைப் போட்டுத் திருகினேன். குழாய் மரையோடு முறிந்து, பாதி சுவருக்குள் நின்றுவிட்டது. கடைசியில் ஆளைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று.

வந்த பிளம்பர் அடி அண்ணாமலைக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். அதிகம் பேசாத ஆள். இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடை உடைத்து உள்ளே விட்டு, முறிந்த மரையைக் கீறிக் கீறித் துண்டு துண்டாக எடுத்தார். அரை மணி நேரத்தில் புதுக் குழாய் மாட்டிவிட்டார். நான் பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" என்றார்.

அவர் பையில் சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன். சிவப்புக் கைப்பிடி ரெஞ்சு. கைப்பிடியின் கழுத்தில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும்.

"அது என்னுது மாதிரி இருக்கே," என்றேன்.

"இல்ல சார், இது என்னுது."

"எங்க வீட்ல ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுங்க அது. நல்லா பாருங்க."

இதை எழுதும்போது கூசுகிறது. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை என்று ஊரே பொட்டு வைக்கிறது. பஸ்ஸுக்கு வைக்கிறார்கள், தராசுக்கு வைக்கிறார்கள், பஞ்சர் கடைப் பம்புக்கு வைக்கிறார்கள். ரெஞ்சை வைத்தே பிழைக்கிற மனிதர் அதற்குப் பொட்டு வைத்திருக்கமாட்டாரா? அது எனக்குத் தோன்றவில்லை. அவர் வருவதற்கு முன்பே என் ரெஞ்சு காணவில்லை என்பதும் நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்பதைவிட, வர நான் விடவில்லை என்பதுதான் சரி.

சத்தம் கேட்டு மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பிளம்பர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரெஞ்சைத் துண்டால் ஒரு தடவை துடைத்துத் தரையில் வைத்தார்.

"சரி சார். உங்களுதாவே இருக்கட்டும்."

பேசிய கூலியை முழுசாகக் கொடுத்தேன். திருடினவனுக்குக் கூடக் கூலியைப் பிடித்துவைக்காத என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டேன். அவர் போனதும் மனைவி, "அவரு மூஞ்சி அப்டி இல்லீங்க," என்றாள். "மூஞ்சில எழுதி ஒட்டிக்கினா வருவாங்க?" என்று எரிந்து விழுந்தேன். கையோடு எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இன்னார் என்று புரியும்படி அடையாளம் சொல்லி, 'வேலை முடிந்ததும் உங்கள் சாமான்களை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்' என்று எழுதினேன். நிறையக் கட்டைவிரல்கள் வந்தன.

அதற்குப் பிறகு அந்த ரெஞ்சு செய்த வேலை இருக்கிறதே, அபாரம். எதில் மாட்டினாலும் கவ்வியது, வழுக்கவே இல்லை. துருப்பிடித்த மோட்டார் பைப்பைக் கழற்றினேன், கேட் வால்வைத் திருகினேன். நூற்றெண்பது ரூபாய்ச் சாமான் இப்படி உழைக்கிறதே என்று பூரித்துப்போனேன். கைப்பிடிக்கு அடியில் ஹாக்ஸாவால் அறுத்த மாதிரி இரண்டு கோடுகள் இருந்தன. கம்பெனி டிசைன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசில் சும்மா இருந்தேனா? நல்ல கருவிக்கு விலை முக்கியமில்லை, பார்த்து வாங்கக் கண் வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். என் பேச்சைக் கேட்டு அடுத்த பௌர்ணமிக்கு மூன்று பேர் அதே தார்ப்பாய்க் கடையில் வாங்கினார்கள். ஒருவருக்கு முதல் திருகலிலேயே பல் மழுங்கிவிட்டது. அதை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், உங்களுக்குப் புடிக்கத் தெரியல," என்றேன் நான்.

பங்குனி வெயிலில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மொட்டை மாடிக்கு ஏறினேன். தொட்டி மூடியின் மேல் என் ரெஞ்சு கிடந்தது. கார்த்திகை மழைக் காற்றில் மூடி பறக்காமல் இருக்க நான்தான் பாரத்துக்கு வைத்திருக்கிறேன். சிவப்புப் பெயிண்ட் உரிந்து, திருகு இறுகித் துருவேறியிருந்தது. குங்குமம் மழையில் எப்போதோ போயிருந்தது. நூற்றெண்பது ரூபாய்க்கு அது பொருத்தமான வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதில் பாதி எடைகூட இல்லை. கண் வேண்டும் என்று பிரசங்கம் செய்தவன் நான்.

உடனே போயிருக்க வேண்டும். ஒன்பது நாள் போகவில்லை. ஆபீசில் வேலை என்றேன், வெயில் என்றேன். ரெஞ்சைப் பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். பத்தாவது நாள் மனைவி அதை எடுத்து ஸ்கூட்டர் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடி அண்ணாமலையில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய கைப்பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது நான் வாங்கிய அதே ஜாதி மலிவு ரெஞ்சு. பல் வழுக்காமல் இருக்கக் கிழிந்த துணியைச் சுற்றி வைத்திருந்தார்.

"என்னுது கெடச்சிடுச்சுங்க. இது உங்களுது," என்று நீட்டினேன். வாங்கினார். கட்டைவிரலால் திருகை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். அந்த இரண்டு கோடுகளை ஒரு தடவை தடவினார்.

"டெஸ்டரு, டேப்பு, ஸ்க்ரூ டிரைவரு எல்லாம் பிளாட்பாரத்துல வாங்கலாம் சார். கவ்விப் புடிக்கற சாமான் மட்டும் நல்லதா வாங்கணும்," என்றார். நான் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்பது போலச் சொன்னார்.

"அன்னைக்கே ஏங்க சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னனே சார். என்னுதுன்னு சொன்னன்."

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "வீட்டுக்கார அம்மா வந்து நின்னுட்டாங்க. நான் சத்தம் போட்டா தெருவே வந்து நிக்கும். திருடன்னு ஒரு பேரு வந்துட்டா எவன் சார் வீட்டுக்குள்ள வுடுவான்? ரெஞ்சு போனா வேற வாங்கிக்கலாம்."

பேரைக் காப்பாற்றத்தான் அவர் ரெஞ்சைக் கொடுத்திருக்கிறார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் அந்தத் திருடன் பேரை நான் குரூப்பில் போட்டுவிட்டேன். அது அவருக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஒரு ஒதவி சார்," என்றார் அவர். "உங்க தெரு முனையில மாடி வீடு கட்றாரில்ல, அவரு பிளம்பிங் வேல எனக்குத்தான்னு சொல்லியிருந்தாரு. திடீர்னு போனே எடுக்க மாட்டேங்கறாரு. உங்க ஆபீஸ்தானாமே. ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"சொல்றேங்க," என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

முனை வீட்டுக்காரர் எங்கள் ஆபீசில் எனக்கு மேலதிகாரி. மனை வாங்கியதிலிருந்தே எங்கள் தெருக் குரூப்பிலும் இருந்தார். டவுனில் அவர் குடியிருக்கும் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்: தப்பு என்னுடையது சார், ரெஞ்சு என் வீட்டு மாடியிலேயே இருந்தது, அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. காபி வந்தது. பிளம்பர் பேச்சை எடுத்தேன்.

"அவனா? அவன் திருடன்னு நீங்கதான குரூப்ல போட்டீங்க?" என்றார்.

தப்பு என்னுடையது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. என் வாயில் வந்தது வேறு.

"போட்டேன் சார். ஆனா பாவம், குடும்பஸ்தன். வேல சுத்தமா செய்வாரு. ஏதோ ஒரு தடவ… மன்னிச்சு வுட்டுடலாம் சார்."

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "உங்க சாமானையே எடுத்தவனுக்கு நீங்களே வந்து பேசறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அடக்கம் என்று நினைத்திருப்பார். இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன்.

வேலை பிளம்பருக்கே கிடைத்தது. இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்து, "உங்களாலதான் சார். மறக்க மாட்டன்," என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி அவருக்கு, நன்றி எனக்கு.

அடுத்த வாரம் ஒரு நாள் ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முனை வீட்டு வாசலில் வேலையாட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரும் மற்றவர்களும் வாட்ச்மேனைத் தாண்டி அவரவர் பாட்டுக்குப் போனார்கள். பிளம்பர் மட்டும் நின்றார். தினமும் செய்து பழகியவர் போல, யாரும் கேட்காமலே சிமெண்ட் சாக்கை விரித்து, பையிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து அதன் மேல் வரிசையாக வைத்தார். வாட்ச்மேன் குனிந்து விரல் நீட்டி எண்ணினார். காலிப் பையை உதறிக் காட்டும்போது பிளம்பர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வணக்கம் சார்," என்று சிரித்தார். நானும் கையைத் தூக்கிவிட்டு வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.