சிவப்புச் சட்டைதான் நான்

பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று மகள் கேட்டபோது, "பார்க்கலாம்" என்றேன். ஒரே பெண். போ என்று சொல்ல மனமில்லை, போகாதே என்று சொல்லத் துணிவில்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் ஆபீஸிலிருந்து வரும்போது டிவியில் சண்டை விளையாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வாயைத் திறக்க வைக்க வேறு வழி தெரியாமல், நானும் ஆடுகிறேன் என்று எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கையில் கொடுத்த ரிமோட்டில் எத்தனை பொத்தான்கள்! குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று, மீதி எதற்கென்று கடவுளுக்கே வெளிச்சம். திரையில் ஒருத்தி பறந்து பறந்து உதைத்தாள். நம் கைக்கு இவ்வளவு வேகமா என்று பூரித்துப் போனேன்.

"அம்மா, அது நான். நீ கீழ விழுந்து கிடக்கிற. லால் ஷர்ட்."

வடக்கே வளர்ந்த பெண், பேச்சில் பாதி இந்தி. சரி, சிவப்புச் சட்டைதான் நான். அடி படாமல் தடுக்க, எதிராளி நிற்காத பக்கமாக, அதாவது பின்பக்கமாக அழுத்த வேண்டுமாம். அழுத்தினேன். அவள் என் தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் குதித்தாள். உடனே முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது. இது என்ன நியாயம்?

போதாததற்கு, ஒரு குத்து விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். எங்கள் ஆபீஸில் ஃபைலை மேலே அனுப்பினால், அது திரும்பி வரும்வரை நமக்கு வேலை இல்லை. அந்தப் பழக்கம் விரலில் ஊறியிருந்தது.

"ஏன்மா நிக்கிற?"

"இப்ப உன் முறை இல்லையா?"

"முறையெல்லாம் கிடையாதும்மா! ருக்கோ மத், நிக்காத, அடிச்சிட்டே இரு!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் போய் உதை வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பொத்தான்களையும் கண்டபடி அழுத்தியதில் ஜெயித்துவிட்டேன். கத்திக்கொண்டே திரும்பினால், அவளுடைய ரிமோட் மடியில் கிடந்தது.

"நான் ஹான் சொல்லிட்டேன்மா."

"யாருக்குச் சரின்னு சொன்ன?"

"பெங்களூருக்கு. பார்க்கலாம்னு சொன்ன, அப்புறம் நீ ஒண்ணுமே சொல்லல. எவ்ளோ வெயிட் பண்றது?"

வந்தது கோபமா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவள் ரிமோட்டை எடுத்தாள். கண்ணீரில் திரை கலங்கியது. இரண்டு பேரில் எவள் நான் என்று தெரியாமலே, நிறுத்தாமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.